தேரி மணலிலும் உப்பள வரப்பிலும் ஓடும் மொபெட்: கார்புரேட்டர் கோளாறும் பரிகாரமும்

தூத்துக்குடி மாவட்டத்தில் முன்பு வண்டிமாடு செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை இன்று மொபெட் செய்துவருகிறது. ஏரல், ஆத்தூர்ப் பகுதியில் வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும், உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் பதநீர்க் குடமும் முருங்கைக்காய் மூட்டையும், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் கரிசலில் உர மூட்டையும் விசைத் தெளிப்பானும், கடற்கரை ஊர்களில் மீன் கூடையும் இவ்வண்டியில்தான் போய்வருகின்றன.

வெளிநாட்டுப் பண்ணைகளில் மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே நான்கு அகன்ற டயர்கள் கொண்ட தனி வண்டி வைத்திருக்கிறார்கள். நம் விவசாயிக்கு அந்த வேலையையும் இந்த இரண்டு சக்கர வண்டியே செய்து கொடுக்கிறது. 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தபோது, இருவர் அமர்ந்து செல்லும் மொபெட் என்பதே அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது. இருவருக்கு என்று வந்த வண்டியில் நம்மவர்கள் நான்கு வாழைத்தாரை ஏற்றிப் பழகிவிட்டார்கள்.

இந்த வண்டி ஒரு காலை நேரம் மக்கர் செய்தால் நஷ்டம் வண்டியோடு நிற்பதில்லை. வெயில் ஏறினால் பதநீர் புளித்துவிடும். ஏலம் முடிந்த பிறகு வந்து சேரும் தாருக்கு விலை கிடைப்பதில்லை. ஆகவே கார்புரேட்டரைப் பற்றி விவசாயிகள் ஓரளவு தெரிந்துவைத்திருப்பது அவசியம். எல்லாவற்றையும் நாமே கழற்ற வேண்டும் என்பதில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தாலே பாதிச் செலவு மிச்சமாகும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப வந்த எக்ஸ்.எல். 100 மொபெட்டுகளில் கார்புரேட்டர் கிடையாது. மின்னணு முறையில் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பு இருக்கிறது. அவ்வகை வண்டியைத் திருப்புளியால் சரிசெய்ய முயலக்கூடாது. கீழே கூறப்படுவது அதற்கு முந்திய வண்டிகளுக்கும், கார்புரேட்டர் உள்ள மற்றச் சிறு எஞ்சின்களுக்கும் பொருந்தும்.

கார்புரேட்டர் செய்யும் வேலை

பெட்ரோல் தனியாக எரிவதில்லை. காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் எஞ்சினுக்குள் முழுமையாக எரியும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று தேவை. இந்தக் கலவையைத் தயாரித்துக் கொடுப்பதே கார்புரேட்டரின் வேலை.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் மிதவை ஒன்று மிதக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுவது போல, கிண்ணம் நிறைந்ததும் மிதவை மேலே எழுந்து ஒரு முள் வால்வினால் பெட்ரோல் வரும் வழியை அடைக்கிறது. கிண்ணத்துப் பெட்ரோலை எஞ்சின் உறிஞ்சும் காற்று இழுத்துக்கொண்டு போகிறது. பெட்ரோல் போகும் வழியில் உள்ள நுண்துளைப் பித்தளைத் திருகுகளையே ஜெட் என்கிறோம்.

வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது வேலை செய்வது ஸ்லோ ஜெட். ஆக்சிலேட்டரைக் கால்பங்கிலிருந்து முக்கால்பங்கு வரை திருகும்போது, ஸ்லைடில் தொங்கும் ஊசிதான் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிறது. முழுவதும் திருகி ஓட்டும்போது மெயின் ஜெட்டின் முறை. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால், வண்டி எந்த வேகத்தில் மக்கர் செய்கிறது என்பதைக் கொண்டே எங்கே அடைப்பு என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வண்டி கிளம்பாவிட்டால் உடனே திருப்புளியை எடுத்து கார்புரேட்டர் திருகுகளைத் திருகிப் பார்ப்பது பலரிடம் உள்ள பழக்கம். இது தவறு. நேற்று வரை சரியாக ஓடிய வண்டியில் ஒரே இரவில் திருகு தானாகத் திரும்பிவிடாது. வேறு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் திருகைத் திருப்பினால் ஒரு கோளாறு இரண்டாகும். கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. நெருப்பு: பெட்ரோல் வழிகளைத் திறப்பதற்கு முன்பே பிளக்கைச் சோதித்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி, அதன் மூடியில் செருகி, பிளக் துளையிலிருந்து தள்ளி எஞ்சின் உடலில் ஒட்டி வைத்துக் கிக்கரை மிதியுங்கள். நீலநிறத்தில் பளிச்சென்ற பொறி தெரிய வேண்டும். சிவந்து மங்கிய பொறியாக இருந்தாலோ, பொறியே இல்லாவிட்டாலோ கார்புரேட்டர் மேல் குற்றமில்லை.

2. டாங்க் மூடி: மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துளை உண்டு. உப்பும் புழுதியும் சேர்ந்து அது அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டாங்கினுள் காற்று குறைந்து பெட்ரோல் வருவது நின்றுபோகும். இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்று, சற்று நேரம் கழித்துத் தானாகக் கிளம்பும் வண்டியில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்தவுடன் வண்டி கிளம்பினால் நோய் அங்கேதான் இருக்கிறது.

3. பெட்ரோல் வரத்து: கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் குழாயைக் கழற்றி, ஒரு சிறு தகரக் குவளையில் பிடித்து, காக்கைத் திறவுங்கள். பெட்ரோல் இடைவிடாமல் விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் காக்கிலுள்ள சல்லடையிலோ குழாயிலோ அடைப்பு. துருவும் தண்ணீரும் டாங்கின் அடியில்தான் தங்கும். ஆகவே ரிசர்வில் போட்டபின் மக்கர் ஆரம்பித்தால் டாங்கைக் கழுவ வேண்டும்.

4. காற்று வரத்து: ஏர் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தேரிப் புழுதி அப்பியிருந்தால் காற்று போதாமல் பெட்ரோல் மிகுந்துவிடும், கரும்புகை வரும். பில்டர் கிழிந்திருந்தால் அது அதைவிடக் கெடுதல். அதைப் பற்றிப் பின்னால் சொல்லப்படும்.

5. சோக்கும் கம்பியும்: சோக் பாதி மூடிய நிலையில் சிக்கியிருக்கிறதா, ஆக்சிலேட்டர் கம்பி இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹாண்டில்பாரை இருபுறமும் திருப்பும்போது எஞ்சின் வேகம் ஏறினால் கம்பி இறுக்கமாக இருக்கிறது என்று பொருள்.

இந்த ஐந்தையும் பார்க்கக் கால்மணி நேரம்கூட ஆகாது. நடுவழியில் நிற்கும் வண்டிகளில் பல இங்கேயே கிளம்பிவிடும்.

பிளக் சொல்லும் சாட்சி

நோயாளியின் நாக்கைப் பார்த்து வைத்தியர் நோயறிவது போல, பிளக்கின் முனையைப் பார்த்துக் கலவையின் நிலையை அறியலாம். வழக்கமான பாரத்தோடு நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் கலவை சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. பெட்ரோலில் நனைந்திருந்தால் கிண்ணம் நிரம்பி வழிகிறது, அல்லது நெருப்பு இல்லை. வெள்ளையாகவோ சாம்பல் பூத்தது போலவோ இருந்தால் பெட்ரோல் குறைவு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கருத்த பிளக் காசைத்தான் கரைக்கும். வெளுத்த பிளக் எஞ்சினையே கரைத்துவிடும். ஆகவே வெள்ளை நிறத்தைக் கண்டால் தாமதிக்கக்கூடாது.

கழற்றிக் கழுவும் முறை

மேற்கண்ட சோதனைகளில் குற்றம் அகப்படாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்றலாம். நிழலான, காற்றோட்டமான இடம் வேண்டும். பதநீர் காய்ச்சும் விடிலியின் அருகிலோ, அடுப்பு, பீடி நெருப்பு உள்ள இடத்திலோ இந்த வேலை கூடவே கூடாது. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டால் சிறு திருகுகள் மணலில் விழுந்து தொலையாது.

காக்கை மூடி, கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திப் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அந்தக் குப்பியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்பது தண்ணீர். பழுப்புத் தூள் டாங்கின் துரு. கிண்ணத்தின் சுவரில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பிடித்திருந்தால், ஈரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரித்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். கடற்கரை வண்டிகளில் எதிர்பார்க்க வேண்டிய கோளாறு இது.

அடுத்து ஏர் திருகு. அதைக் கழற்றுமுன் மெதுவாக உட்பக்கம் திருகி, எத்தனை சுற்றில் அடியில் உட்காருகிறது என்று எண்ணிக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பலமாக இறுக்கினால் முனை நசுங்கிவிடும். ஊசியின் தலையில் பல வெட்டுகளும் ஒரு கிளிப்பும் இருக்கும். கிளிப் எந்த வெட்டில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு குறிப்பும் இல்லாமல் கழற்றிய கார்புரேட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது சிரமம்.

ஜெட்டுகளைக் கழற்றிப் பெட்ரோலிலோ, கடையில் கிடைக்கும் கார்புரேட்டர் கழுவும் திரவத்திலோ ஊறவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாக, தெளிவாகத் தெரிய வேண்டும். அடைப்பு இருந்தால் காற்றடித்து நீக்குங்கள். குண்டூசி, இரும்புக் கம்பி, பிளேடு ஆகியவற்றைத் துளைக்குள் விடக்கூடாது. ஜெட் பித்தளையால் ஆனது; இரும்பு அதைவிடக் கடினம். மயிரிழையளவு துளை அகன்றாலும் பெட்ரோல் செலவு கூடிவிடும். காற்றுக்கு அசையாத அடைப்புக்குத் தூண்டில் நரம்பு ஏற்றது. நம் கடற்கரையில் மெல்லிய நைலான் நரம்புக்குப் பஞ்சமில்லை. அது அடைப்பைத் தள்ளும், பித்தளையைக் கீறாது.

கார்புரேட்டர் உடலிலுள்ள நுண்வழிகளிலும் திரவத்தைச் செலுத்தி, மறுபக்கம் வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும். வாயால் உறிஞ்சுவதோ ஊதுவதோ ஆபத்து. பெட்ரோல் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே கேடு. சைக்கிள் பம்பு போதும். ரப்பர் வளையங்களைத் திரவத்தில் ஊறப்போடக் கூடாது, உப்பிவிடும்.

கிண்ணம் வழிந்தால்

நிறுத்திய வண்டியின் அடியில் பெட்ரோல் சொட்டினால் முள் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். வழியில் இப்படி நேர்ந்தால் திருப்புளியின் மரப்பிடியால் கிண்ணத்தை லேசாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். சிக்கிய தூசி விலகி வழிவது நிற்கக்கூடும். மீண்டும் மீண்டும் வழிந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முள்ளின் கூரான முனையில் வளையம் போலத் தேய்ந்த கோடு தெரிந்தால் முள்ளை மாற்றிவிடுங்கள். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கும் ஓசை கேட்டால் மிதவையில் ஓட்டை. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நெடுநாள் வழிந்திருந்தால் பெட்ரோல் இறங்கி எஞ்சின் ஆயில் நீர்த்திருக்கும். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் அதையும் மாற்றுவது அவசியம்.

சுருதி கூட்டுவது எப்படி?

டியூனிங் என்பது வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்றது. தந்தி அறுந்திருக்கும்போது யாரும் சுருதி கூட்டுவதில்லை. அதுபோல, எல்லாம் சுத்தமாகி, பில்டரும் பிளக்கும் சரியான பிறகுதான் திருகைத் தொட வேண்டும்.

ஏர் திருகை முன்பு எழுதிவைத்த சுற்றுக்கணக்கில் வையுங்கள். பெரும்பாலான சிறு கார்புரேட்டர்களில் இது ஒன்று முதல் இரண்டரைச் சுற்றுக்குள் இருக்கும். வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் உள்ள அளவே சரியான அளவு. வண்டியை இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சினில் சுருதி கூட்டினால் பயனில்லை.

ஐடில் திருகினால் எஞ்சின் ஓட்டத்தைச் சற்று உயர்த்துங்கள். ஏர் திருகைக் கால்சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் சில விநாடி பொறுத்து ஓசையைக் கேளுங்கள். ஓரிடத்தில் ஓட்டம் வேகமாகவும் சீராகவும் இருக்கும். அதைத் தாண்டினால் தடுமாறும். சீராக இருந்த இடத்துக்குத் திரும்பி வந்து, ஐடில் திருகினால் வேகத்தைக் குறையுங்கள். பிறகு ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகிப் பாருங்கள். திணறாமல் ஏறி, விட்டவுடன் சீராக இறங்கினால் வேலை முடிந்தது.

ஒரு நுட்பம் இதில் உண்டு. ஏர் திருகு பில்டர் பக்கம் அமைந்திருந்தால் அது காற்றை அளக்கிறது. வெளியே திருகினால் பெட்ரோல் குறையும். எஞ்சின் பக்கம் அமைந்திருந்தால் அது கலவையை அளக்கிறது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் திருகுவதால் நேர்மாறான பலன் கிடைத்துப் பலர் குழம்புகிறார்கள்.

நடுவேகத்தில் திணறல் இருந்தால் ஊசியின் கிளிப்பைக் கவனிக்கலாம். கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு ஒரு வெட்டுக்கு மேல் மாற்றக்கூடாது. மெயின் ஜெட்டை வேறு எண்ணுக்கு மாற்ற நமக்குத் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான இடங்களில் காற்று மெலிவதால் பெட்ரோல் மிகுந்துபோகும். அங்கே அந்தக் கேள்வி எழலாம். நாம் இருப்பது கடல் மட்டத்தில்.

மைலேஜ் ஆசை

"லிட்டருக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டர் கூடுதலாக ஓடும்படி வைத்துக் கொடுங்கள்" என்று மெக்கானிக்கைக் கேட்பது வழக்கமாக இருக்கிறது. அவரும் பெட்ரோலைக் குறைத்து வைத்துக் கொடுக்கிறார். தார்ச்சாலையில் ஒருவர் மட்டும் போகும் வண்டிக்கு இது சில நாள் தாங்கும். தேரி மணலில், பின்னால் பாரத்தோடு, முழு ஆக்சிலேட்டரில் ஊர்ந்து போகும் வண்டிக்கு இது எமன்.

காரணம் எளிது. உள்ளே போகும் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டையும் சற்றுத் தணிக்கிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். மணலில் வண்டி மெதுவாகப் போவதால் எஞ்சின் மீது படும் காற்றும் குறைவு. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆபத்து இரட்டிப்பு. பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு எண்ணெய். பெட்ரோலைக் குறைத்தால் எண்ணெயும் கூடவே குறைந்துவிடும். பிஸ்டன் ஜாம் ஆவதில் ஆச்சரியமில்லை.

ஆகவே பாரம் சுமக்கும் வண்டியில் கலவை ஒரு சிறிதளவு பெட்ரோல் பக்கம் சாய்ந்திருப்பதே நல்லது. மைலேஜ் வேண்டுமானால் டயரில் காற்று, செயின் இறுக்கம், பிரேக் உராய்வு, பில்டர் சுத்தம் இவற்றைக் கவனியுங்கள். கார்புரேட்டரைப் பட்டினி போட்டுச் சேமித்த காசு, பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றுவதற்குப் போதாது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க வேண்டும் என்ற இலக்கை நம் நாடு 2025-ஆம் ஆண்டில் எட்டியது. பழைய வண்டி வைத்திருப்போர் இதில் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே அதே ஜெட், அதே திருகு நிலையிலும் கலவை சற்று மெலிகிறது. பழைய கார்புரேட்டர் இதை அறியாது. பிளக் நிறத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். வெளுப்பு தெரிந்தால் ஊசிக் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கிப் பார்க்கலாம்.

இரண்டாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்த அடி நீர்தான். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் அந்த அடி நீரோடு ஆயில் சேராது. எண்ணெயில்லாத திரவம் எஞ்சினுக்குள் போகும். சந்தேகம் வந்தால் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, மூடி, நெருப்பில்லாத நிழலில் ஓர் இரவு வையுங்கள். அடியில் தனி அடுக்குத் தெரிந்தால் அந்தப் பெட்ரோலைப் பயன்படுத்த வேண்டாம்.

மூன்றாவது, பழைய ரப்பர் குழாயும் வளையமும் இதில் உப்பி, இளகி, பிசிறு விடும். அந்தப் பிசிறு ஜெட்டை அடைக்கும். குழாயைக் கையால் அழுத்திப் பார்த்து, பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பெட்ரோலை மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் சேமித்து வைக்காதீர்கள். பாதி டாங்க் பெட்ரோலோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது கார்புரேட்டரைக் கெடுக்கும் நிச்சயமான வழி.

மணலும் உப்பும்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தேரியின் செம்மணலைக் கிளப்பிவிடும். அந்த நாட்களில் வாரம் ஒருமுறை பில்டரைப் பாருங்கள். பஞ்சு பில்டரானால் மண்ணெண்ணெயில் அலசி, சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் தோய்த்துப் பிழிந்து மாட்ட வேண்டும். காகித பில்டரைக் கழுவக்கூடாது. தட்டி, உட்புறமிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்தால் போதும்.

பில்டர் இல்லாமல் வண்டி நன்றாக இழுக்கிறது என்று சிலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தேரி மணல் உள்ளே போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலச் சிலிண்டரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். பிறகு எந்த டியூனிங்கும் அந்த எஞ்சினுக்கு உதவாது.

உப்பள வரப்பில் ஓடும் வண்டியையும் மீன் கூடை சுமக்கும் வண்டியையும் வாரத்தில் இரண்டு தடவையாவது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பில்டர், கார்புரேட்டர் மீது தண்ணீரைப் பீச்சியடிக்க வேண்டாம். துணியை நனைத்துத் துடையுங்கள். ஆக்சிலேட்டர், சோக் கம்பிகளில் ஆயில் விடுங்கள். கூடையின் அடியில் தகரத் தட்டு வைத்தால் மீன்நீர் எஞ்சின் மேல் சொட்டாது. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு விழுந்தால் கள்ளக்காற்று நுழையும். ஐடில் ஓட்டத்தில் அந்த இடத்தில் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். எஞ்சின் ஓசை மாறினால் வெடிப்பு இருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இம்மாவட்டத்தார் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் தாமிரபரணி வெள்ளத்தில் மூழ்கின. மீண்டும் அப்படி நேராதிருக்கட்டும். ஆனால் நேர்ந்தால் செய்ய வேண்டியதைத் தெரிந்துவைத்திருப்போம்.

மூழ்கிய வண்டியைக் கிளப்பிப் பார்க்கலாம் என்று கிக்கரை மிதிப்பதுதான் முதல் தவறு. சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் பிறகு கிக்கரை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிளக் துளையில் சிறிது ஆயில் விடுங்கள். டாங்க், குழாய், கிண்ணம் எல்லாவற்றிலும் உள்ள பெட்ரோலைக் கொட்டாமல் வடித்துத் தனியே வையுங்கள். பில்டரையும் அதன் பெட்டியையும் கழுவி உலர்த்துங்கள். கார்புரேட்டரில் புகுந்தது உவர்நீரானால் முதலில் நல்ல தண்ணீரிலும் பிறகு பெட்ரோலிலும் கழுவ வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் மாற்றாமல் கிளப்பக்கூடாது. ஓடிக்கொண்டிருந்த நிலையில் தண்ணீர் உறிஞ்சி நின்ற வண்டியை நேராக மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

விசைத் தெளிப்பானுக்கும் இதே விதி

கரிசல் மானாவாரியில் மக்காச்சோளப் படைப்புழு கண்ட நாளில் தெளிப்பான் கிளம்பாவிட்டால் பயிர் காத்திருக்காது. தெளிப்பான் வருடத்தில் சில வாரம்தான் ஓடுகிறது. மற்ற மாதங்களில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் பசை மட்டும் ஜெட்டில் தங்கிவிடுகிறது. ஆகவே அன்றாட வேலை முடிந்ததும் காக்கை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை மெதுவாக ஓடவிடுங்கள். பருவம் முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, கிண்ணத்தை வடித்து வையுங்கள்.

ஆயில் கலவையைக் கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். 25-க்கு 1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. எது உங்கள் எஞ்சினுக்கு என்பது கைப்புத்தகத்தில் இருக்கும். மருந்து அளக்கும் மூடியால் ஆயிலை அளக்கவும் கூடாது. புல்வெட்டும் கருவிகள் சிலவற்றில் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு இருக்கும். அதில் பலமாகக் காற்றடித்தால் சவ்வு கிழிந்துவிடும்; எச்சரிக்கை தேவை.

கோளாறு அட்டவணை

குளிர்ந்த எஞ்சின் கிளம்பவில்லை, பிளக் காய்ந்திருக்கிறது: பெட்ரோல் வரவில்லை. காக், குழாய், முள் வால்வு பார்க்கவும்.

கிளம்பவில்லை, பிளக் நனைந்திருக்கிறது: சோக்கைத் திறந்து, பிளக்கைத் துடைத்து மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதும் திருகியபடி மிதிக்கவும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது: ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது இணைப்பு ரப்பரில் கள்ளக்காற்று.

ஐடிலில் நிற்கவில்லை, வேகத்தில் சரி: ஸ்லோ ஜெட், ஏர் திருகு.

நடுவேகத்தில் திணறல்: ஊசி, கிளிப், ஸ்லைடு தேய்வு.

மேட்டிலும் பாரத்திலும் இழுக்கவில்லை, பிளக் வெள்ளை: மெயின் ஜெட் அடைப்பு, கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் குறைவு.

இழுக்கவில்லை, கரும்புகை, பிளக் கருப்பு: பில்டர் அடைப்பு, சோக் சிக்கல், மிதவை கோளாறு.

சிறிது தூரம் ஓடி நின்று, பிறகு கிளம்புகிறது: டாங்க் மூடித் துளை.

எப்போது செய்வது?

வைகாசியில், மேல்காற்று வீசத் தொடங்குமுன், பில்டரையும் இணைப்பு ரப்பரையும் பார்த்துவிடுங்கள். புரட்டாசியில், மானாவாரி விதைப்புக்கு முன், வண்டி, தெளிப்பான் இரண்டின் கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவி, சுருதி கூட்டி வையுங்கள். தை மாதத்தில், மழை ஓய்ந்ததும், டாங்கின் அடி நீரை வடித்து, கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்று வேளைக்கும் சேர்த்து ஒருநாள் பொழுது ஆகலாம்.

முதலில் நெருப்பு, பெட்ரோல், காற்று, அடுத்து கழுவுதல், கடைசியாகத் திருகு. இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றும் விவசாயியின் மொபெட், தாரும் பதநீரும் உரிய நேரத்தில் சந்தைக்குப் போய்ச்சேரக் கைகொடுக்கும்.